அல்பம் இல்லாத வீட்டின் வரலாறு

ஓர்ஸ் ஹில்லில் இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் சிலவற்றோடு ஒரு சனிக்கிழமை கூடியிருந்தபோது, "அடுத்த முறை வரும்போது வீட்டில் உள்ள பழைய புகைப்படம் ஒன்றைக் கொண்டு வாருங்கள்" என்று கேட்டுவிட்டோம். படங்களை மேசையில் பரப்பி, அவற்றைச் சுற்றி ஊரின் கதையைப் பேசுவது எமது திட்டம். அடுத்த சனிக்கிழமை பாதிப் பேர் வெறுங்கையோடு வந்து, வீட்டுவேலை செய்யாத பிள்ளைகளைப்போலப் பின்வரிசையில் இருந்தார்கள். கடைசியில் ஒரு பெரியவர் எழுந்தார். "சுவாமி, குறை நினைக்கக்கூடாது. உடுத்த துணியோட ஓடின ஆக்கள் நாங்கள். படத்துக்கு எங்க போறது?" என்றார்.

கேள்வி பிழை. கேட்பதற்கு முன்பே எமக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஓடும்போது எடுத்தது அடையாள அட்டை, உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கொஞ்சம் அரிசி. அல்பம் அலுமாரியில் நின்றுவிட்டது. சிலர் அதற்கு முன்பே தாமாகவே படங்களை எரித்தும் புதைத்தும் விட்டிருந்தார்கள். சோதனையின்போது ஒரு படம் ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று யாருக்குத் தெரியும்?

மற்றப் பாதிப் பேர் எதையோ கொண்டு வந்திருந்தார்கள். ஒரு தாய் கணவனின் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்தார். பெருப்பித்த அளவு கூடியதால் முகம் புள்ளிபுள்ளியாகக் கலைந்திருந்தது. இன்னொருவரிடம் பாடசாலைக் குழுப்படம். அதில் அவருடைய தம்பியின் முகம் ஒரு பயறு அளவு. ஒருவர் தகப்பனாரின் முப்பத்தோராம் நாள் கல்வெட்டுப் புத்தகத்தையும், வேறொருவர் தறப்பாள் வாங்க வரிசையில் நிற்கும் தன்னைப் பத்திரிகையில் கண்டு வெட்டி வைத்த துண்டையும் கொண்டு வந்தார்கள். ஒரு வயோதிபர் படமே இல்லாமல், மடிப்புகளில் கிழிந்த காணிப் போமிட்டின் போட்டோக் கொப்பியை நீட்டினார்.

நாம் மனதில் வைத்திருந்த 'பழைய புகைப்படம்' இவற்றில் ஒன்றுகூட இல்லை. எனினும் இந்தத் துண்டுகள்தாம் எம்மிடம் உள்ள வரலாறு. இவற்றை ஒரு தாளில் ஒட்டி, இல்லாமற்போனவற்றுக்கு வெற்றிடம் விட்டு, ஒரு குடும்பமும் ஓர் ஊரும் தம்மைத் தாமே எவ்வாறு எழுதிக்கொள்ளலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள். பாடசாலையில் பிள்ளைகள் செய்யும் ஒட்டுச்சித்திரம், கொலாஜ் என்று சொல்கிறார்களே, அதுவேதான்.

யார் எடுத்த படம்?

முதலில் புகைப்படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. படம் பொய் சொல்லாது என்பார்கள். ஆனால் கமெராவை யார் பிடித்தார், எதற்காகப் பிடித்தார் என்பதைப் படம் தானாகச் சொல்லுவதில்லை. ஜூலியா மார்கரெட் கமரன் என்ற பேர்பெற்ற ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் 1875 இல் இலங்கைக்கு வந்து 1879 இல் இங்கேயே காலமானார். இங்கிலாந்தில் அவர் எடுத்த டார்வினும் கவிஞர் டெனிசனும் பெயரோடு இருக்கிறார்கள். இங்கே 1878 இல் எடுத்த ஒரு படத்துக்குத் தலைப்போ 'களுத்துறைக் குடியானவர் கூட்டம்'. முகம் தெளிவாக இருக்கிறது, பெயர் இல்லை.

எமது துறைமுகமும் அப்படித்தான். இரண்டாம் உலகப்போரில், 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய இடம் இது. போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படையினர் எடுத்த திருகோணமலைப் படங்கள் இலண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கப்பலின் பெயர் இருக்கும், அதிகாரியின் பெயர் இருக்கும். துறைமுகத்துக்குப் பின்னால் வயல் செய்தவனின் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. பிற்காலத்தில் இந்த ஓர்ஸ் ஹில்லிலேயே இராணுவம் ஓர் அருங்காட்சியகம் அமைத்து, போரில் கைப்பற்றிய ஆயுதங்களைக் காட்சிக்கு வைத்தது. துவக்குகளுக்கு ஓர் இடம் கிடைத்தது. உலைமூடிக்கும் மண்வெட்டிக்கும் இன்னும் கிடைக்கவில்லை.

பிறரைச் சொல்வானேன். எம்மைப் போன்ற நலன்புரிப் பணியாளர்களும் முகாம்களில் எத்தனை படங்கள் எடுத்தோம்! அரிசி வாங்கும் படம், தறப்பாள் பிடிக்கும் படம், கிணறு திறக்கும் படம். உதவி தந்தவர்களுக்கு அனுப்ப அவை தேவைப்பட்டன. படத்தில் நின்ற குடும்பத்துக்கு ஒரு பிரதி கொடுத்தோமா? அனேகமாக இல்லை. பெயர் எழுதினோமா? 'பயனாளி' என்று எழுதினோம். பத்திரிகைத் துண்டோடு வந்த அம்மா அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. "என்ர படம் எண்டு இருக்கிறது இது ஒண்டுதான் சுவாமி" என்று மட்டும் சொன்னார். அதன்பின் அலுவலக அலுமாரியில் கிடந்த பழைய படப்பெட்டிகளைத் திறந்து, ஆட்களைத் தேடிக் கொடுக்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம். மெதுவாகவே நடக்கிறது.

ஆயினும் பிறர் எடுத்த படம் என்றென்றும் பிறருடையதாகவே இருக்க வேண்டியதில்லை. அடையாள அட்டையைப் பாருங்கள். 1972 முதல் வழங்கப்பட்டுவரும் அட்டை அது. குடிமக்களைப் பதிவதற்கும், போர்க்காலத்தில் சோதனைச் சாவடியில் மறிப்பதற்கும் பயன்பட்டது. 2017 இல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் திருகோணமலையிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தில் இறங்கியபோது, கையில் பிடித்த படங்களிலும் இத்தகைய அட்டைப் படங்களைப் பெருப்பித்தவை உண்டு. அரசு தன் தேவைக்காக எடுப்பித்த படத்தையே ஒரு தாய் அரசின் முன்னால் பிடித்து 'இவர் எங்கே?' என்று கேட்கிறார். படம் அதேதான். அதைப் பிடித்த கை மாறியதும் அதன் பொருளும் மாறிவிட்டது.

ஒட்டுவது புதிய வித்தை அல்ல

படங்களை வெட்டி ஒட்டுவதைப் பாரிஸ் நகரில் பிக்காசோவும் பிராக்கும் 1912 அளவில் ஓவியத்துக்குள் கொண்டுவந்தார்கள் என்று கலை வரலாறு சொல்லும். அது சரிதான். ஆனால் எமது ஊர் ஸ்ரூடியோக்காரரை மறந்துவிடக்கூடாது. தகப்பன் இறந்தபின் மகளுக்குக் கலியாணம் நடக்கும். தாய் தனியாக இருந்து படம் எடுப்பார். ஸ்ரூடியோக்காரர் தகப்பனின் பழைய படத்திலிருந்து தலையையும் தோளையும் வெட்டி, தாயின் பக்கத்தில் ஒட்டி, மீண்டும் படம் பிடித்து, தூரிகையால் ஓரத்தை மறைத்துக் கொடுப்பார். தமிழ்நாட்டிலும் இங்கேயும் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் இவ்வாறு சேர்ந்து இருக்காதவர்கள் சேர்ந்து இருக்கிறார்கள். தகப்பனின் கண் வேறு பக்கம் பார்க்கும்; வெளிச்சம் வேறு பக்கத்திலிருந்து விழும். வீட்டாருக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் வைத்திருக்கிறார்கள்.

எமது ஒட்டுச்சித்திரம் இதிலிருந்து ஓர் இடத்தில் வேறுபடுகிறது. ஸ்ரூடியோக்காரர் ஒட்டை மறைத்தார், நாம் மறைப்பதில்லை. கிழிந்த இடம் கிழிந்ததாகவே தெரியட்டும். இடம்பெயர்ந்தவரின் வாழ்க்கை ஒரே துணியாக நெய்யப்பட்டதல்ல. அதை அப்படிக் காட்டினால் நாமே பொய் சொன்னவர்களாவோம்.

நிறைவுறாத தோம்பு

இந்த வழியில் எமக்கு மிக நெருங்கிய முயற்சியைச் செய்தவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன். 2004 இல் யாழ்ப்பாணம் பொது நூலகத்தில், 1981 இல் எரிக்கப்பட்டுப் பின் புதுப்பிக்கப்பட்ட அதே கட்டடத்தில், அவர் வீடு வீடாகச் சேர்த்த பொருட்களைக்கொண்டு ஒரு காட்சியை அமைத்தார். பெரிய மனிதரின் நினைவுச் சின்னங்கள் அல்ல. சாதாரண வீட்டார் தமக்கு முக்கியம் என்று எடுத்துக் கொடுத்தவை. 2011 இல் வெளிவந்த அவருடைய நூல் 'த இன்கம்ப்ளீட் தோம்பு', அதாவது நிறைவுறாத தோம்பு.

தோம்பு என்பது உங்களில் மூத்தவர்கள் காதில் விழுந்திருக்கக்கூடிய சொல். போர்த்துக்கேயர் கொண்டுவந்த சொல். ஒல்லாந்தர் காலத்தில் ஆட்களுக்கு ஒரு தோம்பும் காணிகளுக்கு ஒரு தோம்பும் எழுதினார்கள். இன்னாருடைய காணி, இத்தனை தென்னை, எல்லை இது என்று வரி வசூலிப்பதற்காக எழுதிய பதிவேடு அது. சனாதனன் இந்தச் சொல்லை எடுத்துத் தலைகீழாகப் புரட்டினார். இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம் போய், விட்டுவந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து கீறித் தரும்படி கேட்டார். படம் கீறத் தெரியாதவர்கள், முதல் தடவையாகக் கைநடுங்கப் பென்சில் பிடித்தவர்கள் கீறினார்கள். அவர்களுடைய கீறலோடு, அதைக் கட்டடக்கலைஞர் முறைப்படி வரைந்த பிரதியும், ஓவியர் தாம் வரைந்த சித்திரமும் அந்நூலில் சேர்ந்து வருகின்றன. ஒரே வீடு மூன்று விதமாக வருகிறது. கட்டடக்கலைஞரின் கோடு நேராக இருக்கும். நினைவின் கோடு கோணும். வீட்டுக்காரருக்கு எது பெரிதோ அதுவே தாளில் பெரிதாகும்.

கந்தோரில் இருக்கும் தோம்பு எவ்வளவு பூரணமானாலும் முற்றத்து மாமரத்தின் கீழ் யார் படுத்திருந்தார் என்று சொல்லாது. நினைவுத் தோம்பு அதைச் சொல்லும், ஆனால் பரப்புக்கணக்குச் சொல்லாது. இரண்டும் குறையுடையவை. 'நிறைவுறாத' என்ற சொல்லை நாம் அப்படித்தான் விளங்கிக்கொண்டோம்.

இது வெறும் கலைச் செய்தி என்று எண்ணவேண்டாம். 2006 ஏப்ரலில் சம்பூர்ப் பகுதியிலிருந்து ஓடிய குடும்பங்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்து, 2015 இலும் 2016 இலும்தான் தம் காணிகளில் கால்வைக்கத் தொடங்கினார்கள். போனவர்கள் கண்டது வீட்டை அல்ல; வெளியை. வேலியில்லை, ஒழுங்கையில்லை. கிணற்றுக் கட்டையும் நின்ற மரத்தையும் வைத்தே 'இது எங்கட வளவு' என்று அடையாளம் காணவேண்டியிருந்தது. வடக்கே தென்னமரவடி மக்கள் 1984 இல் ஊரைவிட்டு ஓடியவர்கள். மீண்டு போனது போர் முடிந்த பின்னரே. இடையில் பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்ற தலைமுறைக்கு ஊர் என்பது கேள்விப்பட்ட சொல். கிணறு எங்கே இருந்தது என்று அறிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கீறி வைப்பதற்கு உள்ள அவசரம் அதுதான்.

சாக்கில் தைத்த படங்கள்

தொலைதூரத்திலிருந்தும் ஓர் உதாரணம். தென் அமெரிக்காவில் சிலி நாட்டில் 1973 செப்டெம்பரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள், காணாமற்போனார்கள். சந்தியாகோ நகரின் ஏழைப் பகுதிப் பெண்கள், அவர்களில் காணாமற்போனோரின் தாய்மாரும் மனைவிமாரும் பலர், திருச்சபையின் ஆதரவில் கூடிச் சாக்குத் துணியில் பழந்துணித் துண்டுகளைத் தைத்துப் படம் செய்தார்கள். 1976 முதல் கர்தினால் சில்வா என்ரிக்கஸ் நிறுவிய தோழமைப் பணியகம் இதற்கு இடம் கொடுத்தது. சாக்குக்கு அவர்கள் மொழியில் உள்ள சொல்லான 'அர்ப்பியேரா' என்பதே அந்தப் படங்களுக்கும் பெயராயிற்று. கைதாகும் கணவன், வெறும் கறிச்சட்டி, 'எங்கே அவர்கள்?' என்ற எழுத்து, பின்னால் மலைத்தொடர். சிலர் காணாமற்போனவரின் உடுப்பிலிருந்தே துண்டு வெட்டித் தைத்தார்கள். இரகசியமாக வெளிநாடு போய் விற்கப்பட்ட இத்துணிகள் அக்குடும்பங்களுக்குச் சோறும் போட்டன. நாட்டில் நடப்பதை உலகுக்கும் சொல்லின. இராணுவ அரசு இவற்றைக் கண்டு எரிச்சல்பட்டது வியப்பல்ல.

இதை எமது கூட்டத்தில் சொன்னபோது ஒரு தாய் கேட்டார்: "சாக்கு எங்களிட்டையும் இருக்குத்தானே?" அன்றிலிருந்து காகிதத்தோடு துணியும் சேர்ந்துகொண்டது.

நாம் செய்யும் முறை

ஒரு குடும்பத்துக்கு ஒரு பெரிய தடித்த தாள். நடுவில் நினைவிலிருந்து வளவைக் கீறுவார்கள். முதல் நாள் படம் ஒட்டுவதே இல்லை. இதில் நாம் கண்ட சுவையான விடயம்: ஆண்கள் றோட்டிலிருந்து தொடங்குகிறார்கள், படலை, வண்டில் நிற்கும் இடம், மாட்டுப்பட்டி, வட்டைக்குப் போகும் பாதை, வாய்க்கால். பெண்கள் கிணற்றிலிருந்தோ அடுப்படியிலிருந்தோ தொடங்குகிறார்கள். ஒரே வீட்டின் கணவனும் மனைவியும் தனித்தனியே கீறிய இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு வீடுகள் போலிருக்கும். ஆகவே இருவரும் தனித்தனியாகக் கீறியபின்பே சேர்ந்து ஒன்றைச் செய்யச் சொல்கிறோம். இல்லாவிட்டால் அவர் கீறுவார், இவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு துண்டுகள் வருகின்றன. அட்டைப் படத்தின் பிரதி, கல்வெட்டின் முதற்பக்கம், போமிட்டின் பிரதி, கூப்பன் மட்டை, விதைநெல் பற்றுச்சீட்டு, வெளிநாட்டிலுள்ள உறவினர் கைபேசியில் அனுப்பிய பழைய படம், திரும்பிப்போனபோது எடுத்துவந்த ஓட்டுத் துண்டு. வெளிநாட்டு உறவுகளைக் கட்டாயம் கேளுங்கள். இங்கே எரிந்த கலியாணப் படத்தின் ஒரு பிரதி முன்னர் கனடாவுக்கோ சுவிசுக்கோ தபாலில் போயிருக்கலாம். ஆளின் படம் இல்லாதவிடத்தில் அவர் அளவில் வெற்றிடம் விட்டுப் பெயரை எழுதுகிறோம். அந்த வெள்ளை இடத்தின் முன்னால்தான் பிள்ளைகள் அதிக நேரம் நிற்கிறார்கள், "இது யார்?" என்று கேட்கிறார்கள்.

அயலையும் சேர்க்கச் சொல்கிறோம். இதில் எமக்குப் பிடிவாதம் உண்டு. தன் வேலிக்குள் மட்டும் கீறினால் எமது ஊரில் எம்மவர் மட்டுமே இருந்தார்கள் என்று பிள்ளை எண்ணும். நெல் வாங்க வந்த முஸ்லிம் வியாபாரி, ஆற்றுக்கு அப்பால் இருந்து அரிவுவெட்டுக்கு வந்த சிங்களக் குடும்பம், அவர்களும் தாளில் வரவேண்டும். 2006 ஒகஸ்டில் மூதூரிலிருந்து கந்தளாய்ப் பக்கம் நடந்தே ஓடிய முஸ்லிம் குடும்பங்களுக்கும் அல்பம் மிஞ்சவில்லை. எல்லோரும் இதை உடனே ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்லமாட்டோம். "அவங்கள் செய்ததையும் கீறட்டோ?" என்று ஒருவர் கேட்டார். கீறுங்கள் என்றோம். அவர் கீறினார், அதே தாளில், தன்னை ஓர் இரவு ஒளித்துவைத்த வீட்டையும் கீறினார்.

சில எச்சரிக்கைகள். மூலப்படத்தையோ மூல உறுதியையோ ஒருபோதும் ஒட்டாதீர்கள், பிரதி மட்டும். இந்தச் சித்திரம் காணிக்கு அத்தாட்சி ஆகாது. அதைப் பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோய் உறுதிக்குப் பதிலாக நீட்டமுடியாது. ஆனால் எல்லையில் நின்ற மரம், அயல் காணிக்காரரின் பெயர், குடியிருந்த ஆண்டு எல்லாம் ஒழுங்காக நினைவுக்கு வருவதால், விண்ணப்பம் எழுதும்போதும் விசாரணையில் பேசும்போதும் அது கைகொடுக்கிறது. படத்தில் உள்ள மற்றவரின் சம்மதமில்லாமல் அதைப் பொதுவில் வைக்காதீர்கள். காட்டக்கூடாத படம் என்று ஒன்று எல்லா வீட்டிலும் உண்டு. அதை ஒட்டாமலிருக்க ஒருவருக்கு முழு உரிமை உண்டு. அழுகை வந்தால் வேலையை நிறுத்துவோம். தாள் ஓடிப்போகாது.

படங்களைக் காப்பது பற்றியும் சொல்லவேண்டும். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவம் நுண்ணிய வெள்ளியால் ஆனது. ஒழுங்காகக் கழுவிய படம் நூறாண்டும் நிற்கும். எழுபது எண்பதுகளில் வந்த கலர்ப் படம் சாயத்தால் ஆனது; நீலச்சாயம் முதலில் மங்குவதால் படம் செம்மை பாய்கிறது. ஆகவே கலர்ப் படங்களையே முதலில் பிரதி எடுங்கள். யன்னலோர நிழலில் படத்தைத் தட்டையாக வைத்து, பிளாஷ் போடாமல், கைபேசியை நேர் மேலே பிடித்து எடுத்தால் போதும். பின்பக்கத்தையும் எடுங்கள், எழுத்து அங்கேதான் இருக்கும். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்காமல் கண்ணாடிக்கு மேலாகவே எடுங்கள். வெள்ளத்தில் நனைந்த பழைய ஸ்ரூடியோப் படத்தைச் சுத்தமான குளிர்ந்த நீரில், முகப்பைத் தேய்க்காமல் அலசி, நிழலில் முகம் மேலே இருக்கக் காயவிடலாம். 2011 கடற்கோளின்பின் ஜப்பானில் யமமொட்டோ என்ற ஒரே ஊரில் ஏறத்தாழ 7,50,000 படங்களைத் தொண்டர்கள் இடிபாடுகளிலிருந்து பொறுக்கிக் கழுவினார்கள். 2004 இல் எமது கரையில் கிடந்த படங்களை அவ்வாறு பொறுக்க எமக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று. மங்கிய படத்தைச் செயற்கை நுண்ணறிவால் தெளிவாக்கித் தரும் செயலிகள் இப்போது கைபேசியிலேயே வந்துவிட்டன. அட்டைப் படத்தோடு வந்த அம்மாவுக்கு அவருடைய பேரன் அப்படிச் செய்து கொடுத்தான். புள்ளிகள் மறைந்து, கண்ணும் மீசையும் நேற்று எடுத்ததுபோல வந்தன. அம்மா நெடுநேரம் பார்த்தார். "வடிவாத்தான் இருக்கு. ஆனா இது அவரில்லை" என்றார். அவர் சொன்னது தொழில்நுட்ப ரீதியாகவும் சரி. அந்தச் செயலி இல்லாத விபரத்தை வேறு ஆயிரம் முகங்களிலிருந்து கற்றதைக்கொண்டு ஊகித்து நிரப்புகிறது. பேரன் மனம் நோகக்கூடாது என்று அந்தப் படத்தையும் அவர் வைத்துக்கொண்டார். தாளில் ஒட்டியது புள்ளிபுள்ளியான படத்தைத்தான்.

போமிட் கொப்பியோடு வந்த ஐயாவின் தாள் இன்னும் முடியவில்லை. கிணறு வீட்டுக்குக் கிழக்கே என்று அவர் சொல்கிறார். மட்டக்களப்பில் இருக்கும் தங்கச்சியிடம் தொலைபேசியில் கேட்டால், தெற்கே, முருங்கைக்குப் பக்கத்தில் என்று அவர் அடித்துச் சொல்கிறார். காணி இன்னும் விடுபடவில்லை. போய்ப் பார்க்க வழியில்லை. இப்போதைக்குப் பென்சிலால் இரண்டு கிணறும் கீறியிருக்கிறோம்.